விருந்தாளிச் சாவி

“உங்க தீவுகளை மூடப்போறாங்களாமே?”

ஸ்தாதிஸ் இதைக் கேட்டது லிஃப்டுக்குள், வாயில் எள்ளு ரொட்டி வளையத்தைக் கடித்தபடி. விற்பனைப் பிரிவுக்குத் தலைவன் அவன். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, எதையும் மென்றுகொண்டேதான் சொல்வான்.

“யாரு சொன்னா?” என்றாள் எவாந்தியா.

“கட்டடமே சொல்லுது. வியாழக்கிழமை மீட்டிங். ஸஃபீரிஸ் சார் செலவுக் கணக்கை ஒரு படமா போட்டு வச்சிருக்காராம். அதுல உங்க பேரு கொடிக்கம்பம் மாதிரி நிக்குதாம். எங்க பேரெல்லாம் கீழ புல்லு.”

“நாங்க ரெண்டே பேருடா. நாங்க எப்படிக் கொடிக்கம்பம் ஆவோம்?”

“என்னைக் கேட்டா? நான் மருந்து விக்கிறவன்.”

லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்றது. கதவு திறந்ததும் எதிர் ஜன்னலில் பிரேயஸ் துறைமுகம் தெரிந்தது. காலைக் கப்பல்கள் வாயைத் திறந்து லாரிகளை விழுங்கிக்கொண்டிருந்தன. எவாந்தியா அன்று அதைப் பார்க்கவில்லை. நேராகத் தன் அறைக்குப் போய்ப் பையை நாற்காலியில் வீசினாள்.

“பகோனா, நம்மளை மூடப்போறாங்க.”

“தெரியும். வாட்ச்மேன் சொன்னார்.”

“எனக்கு மட்டும்தான் தெரியாதா?”

“நீ படியில வந்திருந்தா தெரிஞ்சிருக்கும். லிஃப்டுல வர்றவங்களுக்கு எல்லாமே லேட்டு.”

அந்த அறையில் இருந்தது அவர்கள் இருவரும்தான். மொத்த மருந்து வியாபாரம் செய்யும் அந்த நிறுவனத்தில் அவர்களுக்குத் ‘தீவுகள்’ என்று பெயர். சின்னத் தீவுகளின் மருந்துக் கடைகளுக்கு அடுத்த வாரம் என்ன தேவைப்படும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வது அவர்கள் வேலை. காற்று மிஞ்சினால் துறைமுக அதிகாரிகள் கப்பல்களுக்குத் தடை போட்டுவிடுவார்கள். அப்புறம் நாள்கணக்கில் ஒரு பெட்டிகூட நகராது. சர்க்கரை நோய் ஊசியும் ரத்த அழுத்த மாத்திரையும் தடைக்கு முந்தைய கப்பலில் ஏறியாக வேண்டும். எவ்வளவு, எந்தத் தீவுக்கு என்பதைக் கற்றுக்கொள்ளும் கணிப்பு நிரலை இரண்டு பெண்களும் சேர்ந்து வளர்த்திருந்தார்கள்.

செலவுகளைக் குறைக்கவென்று புதிதாக வந்திருந்த ஸஃபீரிஸ் எழுதி வைத்திருந்த யோசனை சுருக்கமானது. கணிப்பை நிறுத்திவிடுவது. எல்லாத் தீவுக்கும் வாரம் ஒரே மாதிரிப் பெட்டி.

“ஒரே மாதிரிப் பெட்டியாம்!” என்றாள் பகோனா. “ஒரு தீவுல கிழவங்க மட்டும் இருக்காங்க. இன்னொண்ணுல போன வருஷம் பத்து குழந்தை பொறந்திருக்கு. ரெண்டுக்கும் ஒரே பெட்டி! குழந்தைக்கு மூட்டுவலித் தைலம் தடவச் சொல்றாரா?”

“கத்தாதே. முதல்ல பில்லைப் பாப்போம்.”

பார்த்தார்கள். கணிப்பு ஓடுவது நிறுவனத்தின் சொந்த இயந்திரத்தில் அல்ல. எங்கோ தூரத்தில் இருக்கும் கிளவுடில், வாடகை இயந்திரத்தில். அது விழித்திருக்கும் நேரத்துக்கு வாடகை. யாரும் கேள்வி கேட்காவிட்டால் கொஞ்ச நேரத்தில் தானே தூங்கிவிடும். தூங்கினால் காசு இல்லை. எந்த இயந்திரத்துக்கு எந்தப் பெயர் வைத்திருக்கிறார்களோ, அந்தப் பெயரில் பில் வந்து விழும். இவர்களுடையதற்குப் பெயர் ‘தீவுகள்’.

“இது தூங்கவே இல்லடி,” என்றாள் பகோனா, திரைக்கு மூக்கை ஒட்டி.

“எப்போ?”

“எப்பவுமே. ஞாயித்துக்கிழமை பாரு. நீயும் நானும் என் அக்கா வீட்டுல ஆட்டுக்கறி தின்னுட்டிருந்தோம். இது உக்காந்து யாருக்கோ பதில் சொல்லிட்டிருக்கு.”

“நம்ம கணிப்பு?”

“அது காலையில ஓடி, ஒரு காபி குடிக்கிற நேரத்துல முடிஞ்சிடுது. மிச்சமெல்லாம் வேற ஆளு.”

“பேரு என்ன போட்டிருக்கு?”

பகோனா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு அவளைப் பார்த்தாள். “விருந்தாளி.”

எவாந்தியா கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் கொடுத்த சாவி அது. கிளவுட் வந்த புதிதில் அவளிடம் மட்டும்தான் இயந்திரம் இருந்தது. ஒவ்வொரு பிரிவாக வந்து நின்றார்கள். எங்களுக்கு ஒரு சின்ன ரிப்போர்ட் ஓட்டணும், தனியா ஒண்ணு வாங்க அனுமதி கேக்கணும், படிவம் நிரப்பணும் என்றார்கள். அவள் கையை வீசினாள். “விடுங்க, அதுக்கெல்லாம் என்ன படிவம்? எங்க மேல போட்டுக்கோங்க.” அந்த ஊரில் சாப்பிட்ட மேசையில் பில்லைப் பங்கு போட்டால் அடுத்த நாள் முகத்தில் விழிக்க முடியாது. ஒருத்தர் எழுந்து முழுதையும் கட்ட வேண்டும். மற்றவர்கள் அவரோடு மல்லுக்கு நிற்க வேண்டும். அதுதான் மரியாதை. அந்த மரியாதையை அவள் கிளவுடிலும் காட்டியிருந்தாள். எல்லாருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. யார் உள்ளே வந்தாலும் ‘விருந்தாளி’. எல்லாரும் தொடுவது அதே விற்பனை, செலவுத் தரவு. கேட்ட கேள்வியை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை.

“மாதாவே,” என்றாள் எவாந்தியா. “ஊருக்கெல்லாம் சோறு போட்டுட்டு, இப்போ நாமதான் தின்னோம்னு பேரு.”

“போட்டது நீ. என் பேரைச் சேக்காதே.”

அன்றே எல்லாப் பிரிவுக்கும் செய்தி அனுப்பினாள். விருந்தாளிச் சாவியைப் பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள், உங்கள் பெயரில் தனி இயந்திரம் திறந்து தருகிறேன். வியாழக்கிழமை காலை அந்தச் சாவி வேலை செய்யாது.

எல்லாரும் படித்துவிட்டார்கள். அது திரையில் தெரிந்தது. பதில் ஒன்றுகூட வரவில்லை. ஒருத்தர் மட்டும் கட்டைவிரல் படம் போட்டிருந்தார். அது தவறுதலாக அழுத்தியது என்று பிறகு எடுத்துவிட்டார்.

நடைவழியில் ஸ்தாதிஸை மறித்தாள்.

“நீ உபயோகிக்கிறியா, இல்லையா?”

“நாங்களா? என்னிக்காவது ஒரு நாள். கண்ணுல படாத அளவு.”

“உன் பேர்ல ஒண்ணு திறக்கட்டுமா?”

“ஐயோ, என் கண்ணே, இப்போ வேண்டாம். ஸஃபீரிஸ் சார் கத்தியோட சுத்துறார். புதுசா ஒரு பேரு வந்தா முதல்ல அதைத்தான் நறுக்குவார்.”

“அதனால என்னை நறுக்கட்டும்னு விட்டுட்டே.”

“அப்படிச் சொல்லாதே. உன்னை நான் எவ்வளவு மதிக்கிறேன்.”

“அந்த மதிப்பை மூட்டை கட்டி ஒரு தீவுக்கு அனுப்பு. அங்க மருந்துக்குப் பதிலா முழுங்கட்டும்.”

புதன்கிழமை கசோஸ் தீவிலிருந்து செவஸ்தி போன் செய்தாள். அங்கிருக்கும் ஒரே மருந்துக் கடை அவளுடையது.

“எவாந்தியா, இனிமே வாரம் ஒரு பெட்டிதானாமே? எந்த மூளை சொல்லுச்சு?”

“இன்னும் முடிவாகல.”

“என்கிட்ட ஊசி போட்டுக்கிறவங்க எத்தனை பேருன்னு அந்த மூளைக்குத் தெரியுமா? போன மாசம் ரெண்டு பேரு புதுசா சேந்திருக்காங்க. அதை நான் சொல்றதுக்கு முன்னாடி நீ அனுப்பி வச்சே. எப்படித் தெரிஞ்சுதுன்னு நான் இன்னும் யோசிச்சிட்டிருக்கேன்.”

“நீ சர்க்கரைச் சோதனைப் பட்டை அதிகமா வாங்கினே. அதுல இருந்து கணக்கு போட்டுது.”

“பாத்தியா! அதை மூடுறாங்களா? நாளைக்குக் கப்பல்ல ஏறி நானே வரட்டுமா? வந்து அந்த ஆளு மேசையில உக்காரட்டுமா?”

“வராதே. நான் உக்காந்துக்கிறேன்.”

வியாழக்கிழமை காலை, அலுவலகம் நிறையத் தொடங்கிய நேரத்தில், எவாந்தியா விருந்தாளிச் சாவியை நிறுத்தினாள். கடைகளிலிருந்து வரும் ஆர்டர்களும் லாரி அனுப்புவதும் வேறு இடத்தில் ஓடுபவை. அவற்றை இது தொடாது என்று பகோனாவோடு உட்கார்ந்து சரிபார்த்திருந்தாள். மறுபடி திறக்க ஒரு அழுத்தல் போதும்.

“இனிமே?” என்றாள் பகோனா.

“காபி போடு. யாரு கத்துறாங்கன்னு பாப்போம்.”

காபி நுரைப்பதற்குள் கதவு படாரென்று திறந்தது.

“என்ன பண்ணித் தொலைச்சே?” ஸ்தாதிஸ்தான். முகம் தக்காளி. “என் ரிப்போர்ட்டு எதுவும் வரல! பசங்க எல்லாரும் ரோட்டுல நிக்கிறாங்க, எந்தக் கடைக்குப் போறதுன்னு தெரியாம!”

“எந்த ரிப்போர்ட்டு? நீதான் உபயோகிக்கிறதே இல்லையே.”

“எவாந்தியா, விளையாடாதே.”

“கண்ணுல படாத அளவுன்னியே. கண்ணுல படாதது போனா எப்படித் தெரிஞ்சுது?”

பகோனா ஒரு நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள். “உக்காருங்க. காபி எப்படி? சர்க்கரை போட்டா? முதல்ல சொல்லுங்க, எத்தனை ரிப்போர்ட்டு?”

“நாப்பது.”

“நாப்பதா! தினமுமா?”

“மணிக்கொரு தடவை. ஞாயிறு மட்டும் லீவு.”

“யாரு படிக்கிறாங்க?”

அவன் கூரையைப் பார்த்தான். “எட்டு, ஒம்போது நிச்சயமா படிக்கிறோம். மிச்சம் ஒரு காலத்துல யாரோ கேட்டது. நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லல.”

அவன் பெயரில் இயந்திரம் திறந்தது. படிக்கிற ஒன்பது மட்டும் அதில் ஏறியது. அவன் எழுந்திருப்பதற்குள் கொள்முதல் பிரிவு வந்து வாசலில் நின்றது. அதன் பின்னால் கிடங்கின் ஆள், மூச்சு வாங்கிக்கொண்டு. போன் வேறு ஓயாமல் அடித்தது. பகோனா கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவள் மாதிரி ஒவ்வொருத்தரையும் உட்காரவைத்து, என்ன ஓடுகிறது, எப்போது ஓடுகிறது, யாருக்கு என்று கேட்டுக் கேட்டுப் பெயர் எழுதி வெளியே அனுப்பினாள்.

“என் பேரு தெரியாம கொஞ்சம் ஓரமா ஓட்ட முடியாதா?” என்று கிடங்கின் ஆள் குரலைத் தணித்துக் கேட்டார்.

“முடியாது ஐயா. பந்தி முடிஞ்சாச்சு. இனிமே அவங்கவங்க தட்டு.”

கூட்டம் கலைந்ததும் பகோனா சேர்த்த பெயர்களையும் பழைய பதிவையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள்.

“இன்னும் ஒரு ஆளு பாக்கி.”

“எப்படிச் சொல்றே?”

“இவங்கெல்லாம் வேலை நாள்ல தின்னவங்க. ஞாயித்துக்கிழமை தின்னவன் இன்னும் கத்தல.”

“கத்துவான்,” என்றாள் எவாந்தியா. ஆனால் அவள் குரலில் பலம் இல்லை. மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆள் கிடைக்காமல் போனால் கொடிக்கம்பத்தில் பாதி அவள் தலையில்தான் நிற்கும்.

நிறுவனத் தலைவி கலிரோயி அம்மாளின் அறை மேல் மாடியில். அவர் கடிதங்களைப் படிக்கமாட்டார். எதையும் வாயால் கேட்டு வாயால் தீர்ப்பார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு மேசைத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அன்று காலை வங்கிக்குப் போயிருந்த ஸஃபீரிஸ் நேராக அங்கே வந்திருந்தார். உயரமான மனிதர், உடுப்பில் ஒரு மடிப்பு பிசகாது. பேச்சும் அப்படியே.

“நான் அதிகம் பேசப்போறதில்ல மேடம்,” என்றார். “எண்ணே பேசும். இந்தச் சுவர்த் திரையில செலவு அந்தந்த நேரத்துக்கு வந்துட்டே இருக்கும். இதைப் பாருங்க.”

அழுத்தினார். திரை வெள்ளையாக இருந்தது. நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டேயிருந்தது.

மறுபடி அழுத்தினார். கைபேசியை எடுத்துப் பார்த்தார். அதிலும் வட்டம்.

“ஒரு நிமிஷம் மேடம்.” மடிக்கணினியைத் திறந்தார். “இதென்ன? என் டேஷ்போர்டு செத்துப்போச்சு!” அவருடைய குரல் முதல் தடவையாக உயர்ந்தது. “யாரு கை வச்சது? செலவைக் காட்டுற டேஷ்போர்டே இல்லேன்னா நான் எப்படிச் செலவைக் காட்டுறது?”

பகோனா எவாந்தியாவின் காலை மேசைக்கடியில் மிதித்தாள்.

“ஸஃபீரிஸ் சார்,” என்றாள் எவாந்தியா, மிக மெதுவாக. “நீங்க எந்தச் சாவியில உள்ள போறீங்க?”

“எந்தச் சாவின்னா? வெளியில இருந்து ஒருத்தரை வச்சு செஞ்சேன். இங்க பொதுவா ஒரு சாவி இருக்குன்னு அவருக்கு யாரோ கொடுத்தாங்க.”

“விருந்தாளியா?”

“அப்படித்தான் ஏதோ.”

“அது எத்தனை திரையில ஓடுது சார்?”

“என் அறைச் சுவர்ல. இங்க. என் போன், என் டேப்லெட், மேடமோட டேப்லெட்.”

“எப்போ எப்போ புதுப்பிக்குது?”

“நிமிஷத்துக்கு ஒரு தடவை,” என்றார் ஸஃபீரிஸ், பெருமையோடு. “செலவை ஒரு நிமிஷம்கூடக் கண்ணை விட்டு நகர விடமாட்டேன்.”

“ஞாயித்துக்கிழமை?”

“நான் வீட்டுக்குப் போனாலும் திரை வேலை செய்யும்.”

கலிரோயி அம்மாள் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். “எனக்குப் புரியிற மாதிரி யாராவது சொல்லுங்க.”

“மேடம்,” என்றாள் எவாந்தியா, “அந்த இயந்திரம் யாரும் கூப்பிடலேன்னா தூங்கிடும். தூங்கினா காசு கிடையாது. சார் நிமிஷத்துக்கு நிமிஷம் அதைத் தட்டி எழுப்பி ‘எவ்வளவு செலவாச்சு, எவ்வளவு செலவாச்சு’ன்னு கேட்டுட்டே இருக்கார். அது பதில் சொல்ல முழிச்சிட்டே இருக்கு. முழிச்சிருக்கிற வாடகையெல்லாம் எங்க பேர்ல விழுது.”

“இது குற்றச்சாட்டு,” என்றார் ஸஃபீரிஸ்.

“இல்ல சார், ஊகம்தான். நிரூபிக்கச் சாப்பாட்டு நேரம் போதும். உங்க பேர்ல ஒரு இயந்திரம் இப்பவே திறக்கிறேன். உங்க டேஷ்போர்டு மட்டும் அதுல ஓடட்டும். எங்களோடது எங்க வேலையை மட்டும் செய்யட்டும். சாப்பிட்டுட்டு வந்து பாப்போம்.”

“அப்படின்னா சாப்பிடலாம்,” என்று கலிரோயி அம்மாள் எழுந்தே விட்டார்.

கீழே மீன் கடையில் பொரித்த நெத்திலியும் வேகவைத்த கீரையும் வந்தன. யாரும் வேலையைப் பற்றிப் பேசவில்லை. ஸஃபீரிஸ் மட்டும் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். பில் வந்தபோது வழக்கம்போல நான்கு கைகள் பாய்ந்தன.

“கையை எடுங்க எல்லாரும்!” என்றாள் பகோனா. “இன்னிக்கு அவங்கவங்க தின்னதுக்கு அவங்கவங்க.”

பரிமாறுகிறவர் அப்படியே நின்றுவிட்டார். “என்னம்மா, வீட்டுல ஏதாவது துக்கமா?”

கலிரோயி அம்மாள் மூச்சுத் திணறும்வரை சிரித்தார். கடைசியில் பில்லைப் பிடுங்கிக் கட்டியதும் அவர்தான்.

மேலே வந்தபோது சுவர்த் திரை உயிரோடு இருந்தது. ஆள் இல்லாத அறையில், பார்க்க ஒரு கண்ணும் இல்லாமல், நிமிஷத்துக்கு நிமிஷம் கேட்டுக்கொண்டும் பதில் வாங்கிக்கொண்டும் இருந்தது. கணக்கு இன்னும் கொஞ்சம் சேரட்டும் என்று இன்னொரு காபி குடித்தார்கள். பிறகு எல்லாரும் திரையருகே போனார்கள்.

‘தீவுகள்’ என்ற பெயருக்கு எதிரே, விருந்தாளிச் சாவி நின்ற நேரத்திலிருந்து, ஒரு மெல்லிய கோடு. ‘விற்பனை’க்குக் கொஞ்சம். ‘கிடங்கு’க்குக் கொஞ்சம். ‘நிதி’ என்று ஸஃபீரிஸுக்காகப் புதிதாக முளைத்த பெயர், மதியம்தான் பிறந்தது, எல்லாவற்றையும் தாண்டி எழுந்து நின்றது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. கோடு ஒரு நூல் உயர்ந்தது.

“இப்போ உயர்ந்ததே, அது எதுக்கு?” என்றார் கலிரோயி அம்மாள்.

“உயர்ந்துச்சான்னு பாத்ததுக்கு மேடம்,” என்றாள் பகோனா.

கலிரோயி அம்மாள் திரையை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். அதற்குள் கோடு இன்னொரு நூல் உயர்ந்தது.

“ஸஃபீரிஸ்,” என்றார் கலிரோயி அம்மாள், “களஞ்சியத்துக்குக் காவல் வச்ச ஆளு உள்ளயே உக்காந்து தின்னுக்கிட்டு, ‘நெல்லு குறையுது, நெல்லு குறையுது’ன்னு கத்தின கதையா இருக்கே!”

ஸஃபீரிஸின் காது சிவந்தது. கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். ஏதோ சண்டைக்குத்தான் வாயைத் திறக்கிறார் என்று எவாந்தியா நினைத்தாள். அவர் போனை எடுத்து, டேஷ்போர்டைத் திறந்து, தன் கையாலேயே நிறுத்தினார்.

“ஒரு நாளைக்கு ஒரு தடவை பாத்தா போதும்னு வைங்க,” என்றார். “காலையில. அதுவும் நான் கேட்டா மட்டும்.” பிறகு, எவாந்தியாவைப் பார்க்காமல், “தீவுகளை மூடுற யோசனையைத் திரும்ப வாங்கிக்கிறேன்.”

“எனக்குக் கேக்கல,” என்றார் கலிரோயி அம்மாள். “எல்லார் காதுலயும் விழுற மாதிரி.”

“தீவுகள் இருக்கும் மேடம்!” என்று கத்தினார் அந்த மடிப்புக் கலையாத மனிதர். நடைவழியில் காது வைத்து நின்ற ஸ்தாதிஸ் கைதட்டியது உள்ளே கேட்டது.

“நீயும் கேட்டுக்கோ எவாந்தியா,” என்றார் கலிரோயி அம்மாள். “மீன் கடையில யாரு வேணா கட்டட்டும். கிளவுடுல இனிமே யாருக்கும் விருந்து கிடையாது.”

“சத்தியமா இல்ல மேடம்.”

மறுநாள் வானிலை எச்சரிக்கை வந்தது. சனிக்கிழமை காலை முதல் கப்பல்களுக்குத் தடை. கடைசிக் கப்பல் வெள்ளி மாலை. முன்பெல்லாம் இப்படி அவசரமாகக் கணிப்பை ஓட்டினால் விருந்தாளிகளின் கூட்டத்தில் அது முட்டி மோதித் திணறும். பகோனா நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்பாள். அன்று அவள் பட்டனை அழுத்திவிட்டுக் காபிக்குத் திரும்பினாள். காபியை எடுப்பதற்குள் முடிவு வந்துவிட்டது.

“என்னடி இது, இவ்வளவு வேகமா?”

“வீட்டுல நாம மட்டும் இருக்கோம்ல,” என்றாள் எவாந்தியா. “அனாஃபித் தீவுக்கு எவ்வளவு? கசோஸுக்கு?”

“கசோஸுக்கு ஊசி ரெண்டு மடங்கு சொல்லுது.”

“ஏத்தச் சொல்லு.”

மாலையில் இருவரும் ஜன்னலில் நின்றார்கள். நிறுவனத்தின் லாரி துறைமுகச் சரிவில் இறங்கிக் கப்பலின் வாய்க்குள் போனது. கதவு மூடி, சங்கு ஊதியது. கலிரோயி அம்மாள் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. பின்னால் நின்று அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதைக் கணிக்க எவ்வளவு ஆச்சு?” என்றார்.

“கீழ கடையில ஒரு தட்டு நெத்திலி விலை மேடம்.”

“அவ்வளவுதானா? யாரு கணக்குல?”

“எங்க கணக்குல,” என்றாள் எவாந்தியா, கப்பலிலிருந்து கண்ணை எடுக்காமல். “முழுசும் எங்களோடது.”